பழைய மேஸியில் இறகுக் கலப்பையை மட்டம் கட்டுவது எப்படி: நீலகிரிச் சரிவுக்கு ஏற்றபடி

எங்கள் தோட்டம் நஞ்சநாடு பக்கம். வண்டி மேஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர், சிம்ப்சன் மூன்று சிலிண்டர் இன்ஜின், நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியாயிற்று, இன்னும் ஓடுகிறது. பின்னால் மாட்டுவது இரண்டு கொழு இறகுக் கலப்பை, மண்ணை வெட்டி ஒரு பக்கமாகப் புரட்டிப் போடுவது, கொழு ஒன்றுக்கு 12 அங்குல வெட்டு. மார்ச் முடிந்து கார்போகத்துக்கு உருளைக்கிழங்கு நடவு நெருங்கினால் போதும், சொந்தக்காரர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "கலப்பை இறங்கவே மாட்டேங்குதுங்க." "வண்டி ஒரு பக்கமா இழுக்குது." "முன்கொழு ஆழமா போகுது, பின்கொழு புல்லை நக்கிட்டு வருது." போய்ப் பார்த்தால் டாப் லிங்கை, அதாவது கலப்பையின் மேல்முனையை வண்டியோடு இணைக்கிற, நீட்டிக் குறைக்கிற தண்டைத் திருகிக்கொண்டிருப்பார்கள். காலையிலிருந்து திருகித் திருகி, தோட்டம் முழுக்க மேடும் பள்ளமுமாக ஆகியிருக்கும்.

டாப் லிங்க் கடைசியில் தொட வேண்டிய சாமான். முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும், அப்புறம் வண்டியை, அப்புறம் கொழுவை, அதற்குப் பிறகுதான் கலப்பையின் மட்டம். இந்த வரிசை மாறினால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடி மறைக்கிற வேலையாகிவிடும், எது எதனால் வந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருகு, இருபது அடி ஓட்டம், இறங்கிப் பார்ப்பது. இதற்குக் குறுக்குவழி இல்லை.

இறகுக் கலப்பை எதற்கு, ரொட்டவேட்டர் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழங்குக்குப் பிறகு ஒரு வருடம் சும்மா கிடந்த நிலத்தில் கிக்குயூ புல் மெத்தை மாதிரி படர்ந்துவிடும். அதன் கொடியில் ஒவ்வொரு கணுவும் வேர் விடும். ரொட்டவேட்டரை விட்டால் ஒரு கொடி ஐம்பது துண்டாகும், ஐம்பதும் முளைக்கும். இறகுக் கலப்பை அந்த மெத்தையை அப்படியே கவிழ்த்துப் போட்டு வெளிச்சம் இல்லாமல் புதைத்துவிடுகிறது. ஆனால் அது சரியாகக் கவிழ வேண்டும். பாதி கவிழ்ந்து பச்சை விளிம்பு வெளியே தெரிந்தால் பத்தே நாளில் புல் எழுந்து நிற்கும். அதனால்தான் இத்தனை மெனக்கெடல்.

மண் பதம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உதிர்ந்தால் உழலாம், உருண்டையாகவே கிடந்தால் இரண்டு நாள் காத்திருங்கள். ஈரத்தில் உழுத செம்மண், மண்ணைப் புரட்டுகிற வளைந்த பலகையில் பிசின் போல ஒட்டும், காய்ந்ததும் கல்லாகும், அந்த வருடம் முழுக்கக் கட்டியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

முதலில் வண்டி

பழைய மேஸியில் கலப்பையைத் தூக்குகிற ஹைட்ராலிக் பம்பு பி.டி.ஓ. தண்டில்தான், அதாவது பின்னால் மாட்டும் கருவிகளுக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கிற தண்டில்தான் ஓடுகிறது. பி.டி.ஓ. லிவரை இன்ஜின் பக்கம் போடாமல் கலப்பை தூக்காது. புது வண்டி ஓட்டிப் பழகிய பையன்கள் இதில்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள், ஹைட்ராலிக் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள். கியர், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணெய் குறைந்தால் தூக்குவது தவணை முறையில் நடக்கும். ஜனவரி உறைபனிக் காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், பத்து நிமிடம் வண்டியை ஓட விட்டு, வெறும் கலப்பையை நாலைந்து தடவை தூக்கி இறக்கிவிட்டுப் புறப்படுங்கள்.

பின்டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவாக இருக்கிறதா என்று மானி வைத்துப் பாருங்கள், கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். தோட்டத்துக்குள் 12 முதல் 14 பவுண்டு போதும். ஒரு டயர் அமுங்கியிருந்தால் வண்டியே சாய்ந்து நிற்கும், அந்தச் சாய்வு அப்படியே கலப்பைக்குப் போகும்.

அப்புறம் கலப்பையைத் தாங்குகிற இரண்டு கீழ்க்கைகள். அவற்றைத் தூக்குகிற கம்பிதான் லிஃப்ட் ராட். இடது லிஃப்ட் ராட் நிலையான நீளம், வலது ராடில் கைப்பிடி சுற்றுகிற பெட்டி இருக்கும். அந்தக் கைப்பிடிதான் கலப்பையின் இட வல மட்டத்தைத் தீர்மானிப்பது. பல வண்டிகளில் அது துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, பத்து வருடமாக யாரும் சுற்றவில்லை என்று அர்த்தம். டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊற விட்டு, கிரீஸ் அடித்து, இரண்டு பக்கமும் கடைசி வரை சுற்றிப் பழக்குங்கள். கலப்பையை மாட்டுகிற பின் (இரும்பு முளை) நுழையும் ஓட்டைகளையும் தடவிப் பாருங்கள். இந்த அளவு வண்டிக்குக் கீழ்க்கைப் பின் 22 மில்லிமீட்டர், டாப் லிங்க் பின் 19 மில்லிமீட்டர். ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் நீங்கள் வைக்கிற எந்த மட்டமும் நிற்காது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். பின் இல்லையென்று போல்ட்டைச் சொருகி ஓட்டுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், மலையில் அந்த போல்ட் முறிந்தால் கலப்பை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கீழ்க்கைகளின் பக்கவாட்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்துகிற செக் செயினை இறுக்கிக் கட்டாதீர்கள். கலப்பையைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி, பின்னாலிருந்து கையால் தள்ளினால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் ஆட வேண்டும். இறகுக் கலப்பை தன் பாதையைத் தானே தேடிக்கொள்ளும், ஆட விடாமல் கட்டினால் அந்த இழுப்பெல்லாம் ஸ்டியரிங்குக்கு வரும்.

கடைசியாக, டாப் லிங்க் மாட்டுகிற இடத்துக்குப் பின்னால் உள்ள கனத்த ஸ்பிரிங். மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று ஹைட்ராலிக்குக்குச் சொல்வது அதுதான். கலப்பையைக் கழற்றிவிட்டு, டாப் லிங்க் மாட்டுகிற கவையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். நீளவாக்கில் கொஞ்சமும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் ஓட்டும்போது கலப்பை தூங்கி விழுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே வரும். இதை நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கொழு முனை

போன வருடத்துக்கு முந்தைய வருடம் நான் ஒரு முழு நாள் கெட்டேன். கொழு இரண்டும் தேய்ந்திருந்தன, ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து முனை கட்டி வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது. தோட்டத்தில் இறக்கினால் ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. டாப் லிங்கைக் குறைத்தேன், லிவரை முழுக்கத் தள்ளினேன், கலப்பை மேலே ஒரு கல்லைக்கூட வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் கலப்பையைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முனையை நேர்க்கோட்டில் கட்டியிருக்கிறார்கள்.

கொழு முனை கீழ்நோக்கிச் சற்று வளைந்திருக்க வேண்டும், உழாத பக்கம் நோக்கியும் சற்று வளைந்திருக்க வேண்டும். அந்த வளைவுதான் கலப்பையை மண்ணுக்குள் உறிஞ்சி இழுப்பது. சோதிக்க ஒரு நேரான இரும்புப் பட்டை போதும். கலப்பையைச் சாய்த்துப் போட்டு, கொழு முனையிலிருந்து, சால் சுவரை உரசி ஓடுகிற பக்கத் தகட்டின் குதிகால் (பின்முனை) வரை பட்டையை அடிப்பக்கமாக வையுங்கள். நடுவில் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிற அளவு, மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். அதே பட்டையைப் பக்கவாட்டில் வைத்தாலும் அதே போல ஓர் இடைவெளி தெரிய வேண்டும். இல்லாவிட்டால் டாப் லிங்கை எவ்வளவு திருகினாலும் பலன் இல்லை, கொழுவை மாற்றுங்கள் அல்லது பட்டறையில் பக்கத்திலேயே நின்று வளைவு வைத்துக் கட்டி வாங்குங்கள். இரண்டு கொழுவும் ஒரே தேய்மானத்தில் இருப்பதும் முக்கியம், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் இரண்டும் இரண்டு ஆழத்தில்தான் போகும்.

பலகையில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுங்கள். நம் செம்மண் துருவைக் கண்டால் விடாது.

களத்தில் மட்டம் கட்டுவது

சமமான இடம் வேண்டும். எங்கள் ஊரில் அதுவே அபூர்வம், நான் சிமெண்ட் போட்ட களத்துக்குத்தான் போவேன். உழும்போது வலது சக்கரங்கள் இரண்டும் சாலுக்குள் ஓடும், இடது சக்கரங்கள் உழாத நிலத்தின் மேல் ஓடும். அதாவது வண்டி எப்போதும் வலது பக்கம் சாய்ந்தே வேலை செய்கிறது, கலப்பை மட்டும் சாயாமல் நிற்க வேண்டும். அந்தச் சாய்வைக் களத்திலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆறு அங்குலம் உழப் போகிறீர்கள் என்றால், ஐந்து அங்குலக் கனமுள்ள மரக்கட்டைகளை இடது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் அடியில் கொடுத்து வண்டியை மேலே ஏற்றி நிறுத்துங்கள். ஓர் அங்குலம் குறைப்பது, இடது டயர் புல்தரையில் அந்த அளவு அமுங்கும் என்பதற்காக. இன்ஜினை நிறுத்தி, கை பிரேக் போட்டு, வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகுதான் கலப்பைப் பக்கம் போக வேண்டும். இப்போது உங்கள் களத்துத் தரைதான் சாலின் அடி, கட்டையின் மேல்புறம்தான் நிலத்தின் மேல்புறம். கலப்பையைத் தரையில் உட்கார வையுங்கள்.

பின்னாலிருந்து பாருங்கள், கலப்பைச் சட்டம் இடப்பக்கம் தூக்கியோ வலப்பக்கம் தூக்கியோ நிற்கும். வலது லிஃப்ட் ராட் கைப்பிடியைச் சுற்றி, சட்டத்தின் இரு முனையிலிருந்தும் தரைக்கு டேப்பில் ஒரே அளவு வரும்படி கொண்டுவாருங்கள். வண்டி வலது பக்கம் சாய்ந்திருப்பதால் பெரும்பாலும் ராடைக் குறைக்க வேண்டிவரும். சரியான இடம் வந்ததும் ராடின் மறையில் ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். இந்தக் கோடு பிறகு உங்களுக்கு ரொம்ப உதவும்.

அடுத்து முன்பின் மட்டம், இப்போதுதான் டாப் லிங்க். இதைக் குறைத்தால் கொழு முனை கீழே குத்தும், குதிகால் தூக்கும். நீட்டினால் முனை தூக்கும், குதிகால் அழுத்தும். இரண்டு கொழு முனையும் இரண்டு குதிகாலும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுகிற இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து அரைச்சுற்று குறைத்து முனையை லேசாகக் குனிய வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது என் பழக்கம்.

இன்னொரு அளவு இருக்கிறது, நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. முன்கொழுவின் பக்கத் தகடு, வலது பின்டயரின் உள்பக்கச் சுவரிலிருந்து எவ்வளவு இடது புறம் நிற்கிறது? டயர் சால் சுவரை ஒட்டி ஓடுவதால் முன்கொழு வெட்டும் அகலம் அதுதான். 12 அங்குலக் கொழுவுக்கு 12, டயர் உரசாமலிருக்க அரை அங்குலம் கூட. டயரின் உட்சுவரை ஒட்டி ஒரு கயிற்றை நேராகப் பின்னால் இழுத்துப் பிடித்தால் அளந்துவிடலாம். அளவு ரொம்பத் தள்ளியிருந்தால் முதலில் சக்கர அகலத்தைப் பாருங்கள், பின்சக்கரத்தின் தட்டையும் ரிம்மையும் மாற்றி மாட்டி நாலு நாலு அங்குலமாகக் கூட்டிக் குறைக்கலாம். மிச்சத்தைக் கலப்பையின் குறுக்குத் தண்டில், அதாவது கீழ்க்கைகள் இரண்டும் மாட்டுகிற தண்டில் சரிசெய்யுங்கள். அந்தத் தண்டைச் சுற்றும்போது கலப்பையின் மூக்கு உழாத பக்கம் திரும்பினால் முதல் சால் அகலும், உழுத பக்கம் திரும்பினால் ஒடுங்கும்.

வட்டத் தகடு

புல்லை முன்னால் கிழித்துக் கொடுக்கிற வட்டத் தகடு உங்கள் கலப்பையில் இருக்கிறதா? கிக்குயூ நிலத்தில் அது இல்லாமல் நான் இறங்குவதில்லை. புல் மெத்தையைக் கத்தி மாதிரி கீறிக் கொடுத்தால்தான் மண் பட்டையாகப் புரளும், இல்லாவிட்டால் பாய் மாதிரி பிய்ந்து பலகையில் சுருண்டு அடைக்கும். கொழு முனைக்கு நேர் மேலே, ஒரு விரற்கடை அளவு உழாத பக்கம் தள்ளி நிறுத்துங்கள். உழவு ஆழத்தில் பாதி இறங்கினால் போதும். ரொம்ப இறக்கினால் கலப்பையின் பாரமெல்லாம் தகட்டிலேயே நின்றுகொண்டு கொழுவை இறங்க விடாது. விளிம்பை ஆண்டுக்கு ஒரு தடவை தீட்டுங்கள்.

முதல் சால்

முதல் ஓட்டத்தில் வலது சக்கரம் ஓடச் சாலே இல்லை, நாலு சக்கரமும் மேலேயே ஓடும். அதனால் களத்தில் வைத்த மட்டம் இப்போது பொருந்தாது. வலது ராடைச் சுற்றி, கலப்பை தரைக்கு மட்டமாக வரும்வரை இறக்கிக்கொண்டு, பாதி ஆழத்தில் ஒரு சால் போடுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் சக்கரம் அந்த ஆழமில்லாத சாலில் இறங்கும், ராடைப் பாதி திருப்புங்கள். மூன்றாம் ஓட்டத்தில் முழு ஆழம், ராடு பெயிண்ட் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். கோடு போடச் சொன்னது இதற்குத்தான்.

இனி சாலைப் படிக்க வேண்டும். வண்டியை ஓட்டத்தின் நடுவில் நிறுத்தி, கலப்பையைத் தூக்கி, இரண்டடி முன்னால் நகர்த்தி நிறுத்துங்கள். பின்கொழு வந்து மூடாத ஒரு சிறு துண்டு முன்சால் திறந்தே கிடக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, உதிர்ந்த மண்ணைக் கையால் வழித்துப் போட்டு, ஆறு அங்குலத்தில் கோடு கீறிய குச்சியை இரண்டு சாலிலும் வைத்துப் பாருங்கள். என் பெரியப்பா குச்சி வைக்க மாட்டார். முழங்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைச் சாலின் அடியில் வைத்து ஒரு சாலிலிருந்து அடுத்த சாலுக்கு மெதுவாக இழுப்பார். "படி தட்டுதா பாருடா" என்பார். தட்டினால் மட்டம் இல்லை. எந்தப் பக்கம் படி இறங்குகிறதோ அந்தக் கொழு ஆழம். இன்றைக்கும் நான் குச்சியை நம்புவதைவிட அந்தக் கையை நம்புகிறேன். நல்ல சாலின் அடி ஈரமாக, சிமெண்ட் பூசின மாதிரி வழுவழுப்பாக இருக்கும். ஓரத்தில் குதிகால் போன தடம் மெல்லிய கோடாக மட்டும் தெரியும்.

முன்கொழு ஆழம், பின்கொழு மேலே என்றால் மூக்கு குனிந்திருக்கிறது, டாப் லிங்கை நீட்டுங்கள். பின்கொழு ஆழம் என்றால் குறையுங்கள். குதிகால் தடமே இல்லையென்றால் கலப்பை முனையில் மட்டும் நடக்கிறது. தடம் ஆழமாக உழுது போயிருந்தால் குதிகாலை இழுத்துக்கொண்டு போகிறது, டீசல் வீண். சாலின் அடி ஒரு பக்கம் சரிந்து, பற்கள் மாதிரி படி படியாக இருந்தால் அது இட வலச் சாய்வு, வலது ராடைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று மாற்றுங்கள். உழுத மண் வரிகளில் ஒன்று உயரம் ஒன்று தாழ்வு என்று ஜோடி ஜோடியாகத் தெரிந்தால் முன்சால் அகலம் தப்பு, குறுக்குத் தண்டுக்குப் போங்கள்.

மட்டக்குழாய், ரசமட்டம் இரண்டையும் களத்தோடு விட்டுவிட்டு வாருங்கள். சரிவான தோட்டத்தில் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவுக்கு வரும், கலப்பை மண்ணைக் கோணலாக வெட்டும். நமக்கு வேண்டியது அந்த நிலத்தின் முகத்துக்கு இணையான மட்டம். நிலம் சரிந்தால் கலப்பையும் அதே அளவு சரிந்து போக வேண்டும். மலையில் உழுபவர்களுக்குக் கண் ஏமாறுகிற இடம் இதுதான், தூரத்துத் தேயிலைச் சரிவையும் வரப்பையும் பார்த்து மட்டம் போடுவோம், இரண்டுமே நேராக இருக்காது. காலடியில் உள்ள மண்ணை மட்டும் பாருங்கள்.

ஆழ லிவரும் ஊட்டிக் காற்றும்

இருக்கைக்கு வலது பக்கம் இரண்டு லிவர் இருக்கும், ஒன்று பொசிஷன், ஒன்று டிராஃப்ட். கலப்பைக்கு டிராஃப்ட் லிவர். பொசிஷனை முழுக்கக் கீழே விட்டுவிட்டு, டிராஃப்டை மெதுவாக இறக்கி வேண்டிய ஆழம் வந்ததும் நிறுத்தத் திருகை அங்கே வைத்துவிடுங்கள். பொசிஷனில் உழுதால் வண்டியின் முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது கலப்பை ஆழமாகக் குத்தும், பள்ளத்தில் இறங்கும்போது மேலே வரும். டிராஃப்டில் மண்ணின் எதிர்ப்பைப் பார்த்து ஹைட்ராலிக்கே கலப்பையைத் தூக்கிக் கொடுக்கும், அதே நேரம் பாரத்தைப் பின்சக்கரத்துக்கு மாற்றும். ஹாரி ஃபெர்குசன் கொண்டுவந்த ஏற்பாடு இது, இலேசான வண்டி கனத்த கலப்பையை இழுப்பதே இதனால்தான். ஒரு குறை, மண் இலேசாக உள்ள இடத்தில் கலப்பை தானே ஆழம் போகும். தோட்டத்தில் எரு கொட்டி வைத்திருந்த இடம், பழைய வரப்பு கலைத்த இடம் வந்தால் லிவரில் கை இருக்கட்டும்.

ஆழம் எவ்வளவு? அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்று சொல்லிச் சொல்லியே நாம் வளர்ந்தோம், ஆனால் வண்டிக்கு இங்கே மூச்சு குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உதகை 2,240 மீட்டர் உயரம், அதாவது ஏழாயிரத்து முந்நூறு அடிக்கு மேல். உயரம் போகப் போகக் காற்று மெலியும், டர்போ இல்லாத டீசல் இன்ஜின் ஆயிரம் அடிக்குத் தோராயமாக நூற்றுக்கு மூன்று பங்கு சக்தியை இழக்கும். சமவெளியில் 35 குதிரைத்திறன் கொடுத்த வண்டி இங்கே 27, 28தான் கொடுக்கும். மேட்டுப்பாளையத்தில் இதே வண்டி எட்டு அங்குலம் உழுததே என்று இங்கே தள்ளினால் கரும்புகையும் சக்கரச் சுழற்சியும்தான் மிச்சம். புல்தரையில் முதல் வருடம் ஆறு அங்குலம், அதுவும் சிரமமாக இருந்தால் ஒரு கொழுவைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொழுவில் உழுங்கள். வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர், சாதாரணமாக நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. அதற்குக் குறைந்தால் மண் புரளாமல் நின்றுவிடும், கூடினால் அள்ளி வீசும்.

எந்தப் பக்கம் புரட்டுவது

இதை மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள். சரிவுக்குக் குறுக்காகத்தான் உழ வேண்டும், இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நம் கலப்பை வலது பக்கம் மட்டுமே புரட்டும், எனவே போகும்போது ஒரு மாதிரி, வரும்போது ஒரு மாதிரி.

மலை மேடு உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும்படி ஓட்டினால் மண் மேல்நோக்கிப் புரளும். சாலும் மேட்டுப் பக்கம், அதில் வலது சக்கரம் இறங்கி ஓடுவதால் வண்டியின் சாய்வு குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் 52 அங்குலம், சால் ஆறு அங்குலம் என்றால், நூறு அடிக்கு பதினொன்றரை அடி சரிகிற நிலத்தில் வண்டி கிட்டத்தட்டச் சமமாகவே நிற்கும். அதே நிலத்தில் திரும்பி, மேடு இடது கைப்பக்கம் வரும்படி உழுதால் வலது சக்கரம் பள்ளத்துப் பக்கச் சாலில் இறங்கும், சாய்வு இரண்டு மடங்காகி நூற்றுக்கு இருபத்து மூன்றாகிவிடும். மண்ணும் கீழ்நோக்கிப் போகும். பழைய வண்டியில் உருள்பாதுகாப்புச் சட்டம் கிடையாது, பெல்ட் கிடையாது. சாய்ந்தால் சாய்ந்ததுதான்.

அதனால் மேல் வரப்பு ஓரத்தில் தொடங்கி, மேடு வலது பக்கம் இருக்கும்படி உழுதுகொண்டு போய், முடிவில் கலப்பையைத் தூக்கி வெறுமனே திரும்பி வந்து, அடுத்த சாலையும் அதே திசையில் போடுங்கள். நேரம் அதிகம், டீசலும் கொஞ்சம் அதிகம். மழையில் வருடா வருடம் கீழே இறங்குகிற மேல்மண்ணை ஒரு அடியாவது திரும்ப மேலே தள்ளுகிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் புரட்டுகிற மாற்றுக் கலப்பை இருந்தால் வெறும் ஓட்டம் மிச்சமாகும், ஆனால் பள்ளத்துப் பக்கச் சாலில் சக்கரம் இறங்காதபடி ஒவ்வொரு திசையிலும் மேல்நோக்கியே புரட்டுங்கள். அது கனமும் அதிகம், இந்த வண்டிக்கு ஒற்றைக் கொழு மாற்றுக் கலப்பைதான் தாங்கும்.

உள்சாய்வாக வெட்டிய படிநிலங்களில் கதை சற்று வேறு. அங்கே நிலம் மலைச் சுவரை நோக்கிச் சரியும், சுவர் அடியில் நீர் போகும் வாய்க்கால் இருக்கும். மண்ணைச் சுவர்ப் பக்கமாகவே புரட்டிக்கொண்டிருந்தால் வாய்க்கால் தூர்ந்துவிடும், அடுத்த மழையில் தண்ணீர் வெளி விளிம்பு வழியாக வழிந்து படியையே உடைத்துக்கொண்டு போகும். வாய்க்காலை ஒட்டி இரண்டு அடி விட்டுவிடுங்கள், அதை மண்வெட்டியால் கொத்திக்கொள்ளலாம். வெளி விளிம்பில் நான் நாலு அடிக்குள் சக்கரத்தை விடுவதே இல்லை, கல்கட்டு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் சரி.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும்போது கலப்பையின் பாரம் பின்னால் இருப்பதால் முன்சக்கரம் தூக்கும். செங்குத்தான ஏற்றம் என்றால் பின்னோக்கி ஏற்றுங்கள். இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைத்துவிட்டு ஓட்டுங்கள், இறக்கத்தில் கிளட்சை மிதிக்காதீர்கள், கியரை நியூட்ரல் ஆக்காதீர்கள். வண்டியில் கூட ஆளை ஏற்றாதீர்கள், கலப்பை மேல் நிற்க வைப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

கொழுவுக்குப் பதில் சுழலும் இரும்புச் சட்டிகள் கொண்ட சட்டிக் கலப்பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அது உறிஞ்சி இறங்குவதில்லை, தன் பாரத்தாலும் சட்டியின் கோணத்தாலும் இறங்குகிறது. இறங்காவிட்டால் சட்டியின் பின்சாய்வைக் குறைத்து நிமிர்த்துங்கள், 15 முதல் 25 டிகிரிக்குள் ஆட்டம் இருக்கும். திசைக் கோணம் 42 முதல் 45 டிகிரி. பின்னால் உள்ள சால் சக்கரத்தின் ஸ்பிரிங்கை இறுக்கினால்தான் பக்கவாட்டு இழுப்பு நிற்கும். வண்டியையும் களத்தையும் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

உழுது முடித்த பிறகு

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகும்முன் கலப்பையையும் டயரையும் கழுவுங்கள். கிழங்கு போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு சொன்னாலும் தகும். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்குகிற முட்டைக்கூட்டு நூற்புழு 1961இல் நம் நீலகிரியில்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கூடு கடுகைவிடச் சின்னது, உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை, பயிர் இல்லாமலே வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். தானாக அது நகர்வது கொஞ்ச தூரம்தான், தோட்டம் விட்டுத் தோட்டம் கொண்டுபோவது விதைக்கிழங்கும், டயரிலும் கொழுவிலும் ஒட்டிய மண்ணும்தான். வாடகைக்கு உழுகிற வண்டி வந்தால், உள்ளே விடும்முன் கழுவச் சொல்ல வெட்கப்படாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துடைப்பம், கால் மணி நேரம். முதலில் குச்சியால் மண்ணைச் சுரண்டி அந்தத் தோட்டத்திலேயே விழ விட வேண்டும், கழுவுவதும் அதே தோட்டத்து ஓரத்தில்தான், ஓடைப் பக்கம் கொண்டுபோய்க் கழுவினால் எல்லோருக்கும் அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும்.

கழுவிக் காய்ந்ததும் பலகையிலும் கொழுவிலும் கிரீஸைத் துணியால் பூசிவிடுங்கள். நம் பனிக்கும் தூறலுக்கும் பளபளப்பான இரும்பு ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகிவிடும். கலப்பையை மரக்கட்டை மேல் இறக்கி வைத்து, ஹைட்ராலிக்கின் பாரத்தை எடுத்துவிட்டு, டாப் லிங்கின் நீளத்தை ஒரு தடவை அளந்து ஷெட் கதவில் சாக்கட்டியால் எழுதி வையுங்கள். எங்கள் கதவில் பெரியப்பா கையெழுத்தில் ஓர் அளவு இருக்கிறது, அதன் கீழே என்னுடையது, இரண்டுக்கும் அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை.